போட்டுப் பார்த்த வீடு

தெருவில் அவளுக்கு ‘போட்டுப்பாரு’ என்று பெயர். தையல்காரி. தைத்த துணியை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்புகிறவர்களை அவள் விடமாட்டாள். கடையின் மூலையில் ஒரு பச்சைத் திரை தொங்கும். அதன் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும். கையைத் தூக்க வேண்டும். குனிய வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துணி வீட்டுக்குப் போகும்.

“நிக்கிறப்ப எல்லா ஜாக்கெட்டும் நல்லாத்தான் இருக்கும்” என்பாள். “நீங்க என்ன கடை பொம்மையா, நின்னுகிட்டே இருக்கிறதுக்கு?”

ஒருநாள் ஒரு பெண்ணின் கணவர் வந்தார். மோட்டார் சைக்கிளை அணைக்காமல் வாசலில் நின்றபடியே கையை நீட்டினார்.

“துணியைக் குடுங்க. நேரமாச்சு.”

“அவங்க வரணுமே.”

“அவதான் என்னை அனுப்பினா.”

“உடம்பையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க.”

“காசு குடுத்தாச்சில்ல?”

“குடுத்தீங்க. ஆனா நான் காசுக்கு அளவெடுக்கலை.”

அவர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். மறுநாள் மனைவி வந்து போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது, ஒரு குறையும் இல்லை. அப்போதும் குனிந்து காட்டச் சொன்னாள் போட்டுப்பாரு.

இந்தப் பிடிவாதம் தையலில் தொடங்கியது அல்ல. அவளுடைய அப்பா வீடுகளை ரோட்டில் நின்றே பார்க்கிறவர். வாடகை வீடு தேடிப் போவார், எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்ப்பார், “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். சாமான்களை இறக்கிய பிறகுதான் வீட்டின் குணம் தெரியும். ஒரு வீட்டில் அடுப்புப் புகை படுக்கையறைக்கு மட்டும் போனது. இன்னொன்றில் குளியலறைக் கதவைச் சாத்தினால் உள்ளே குனிய இடமில்லை. ஆணி அடிக்கக் கூடாது என்பது மட்டும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது. அதனால் அம்மா கண்ணாடியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவாள். தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடியே தலைவாரி வளர்ந்தவள் போட்டுப்பாரு.

அவளுடைய கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலையும் மாலையும் குழந்தைகளின் கூச்சலுக்குள் இருப்பவன். வீட்டில் அவன் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்குத்தான் என்று அவள் கேலி செய்வாள். அவனும் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுவான்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு ஒருநாள் அவன், “நமக்குன்னு ஒரு வீடு பார்ப்போமா?” என்றான். அன்று அவன் சாப்பிடாமல் பேசியதால் அவள் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டாள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கடை வாடகையையும் வங்கித் தவணையையும் சேர்த்துக் கட்ட முடியாது. வீடு வாங்கினால் கடையைக் காலி செய்துவிட்டு மிஷினை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டிலேயே தைத்தால்தான் தவணை கட்டலாம். முன்பணமாகக் கொடுக்க அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சேமிப்பு. அது ஒரு இடத்தில் தப்பாகப் போய் விழுந்தால் மறுபடி சேர்ப்பதற்குள் இருவருக்கும் தலை நரைத்துவிடும்.

சேதி வெளியே தெரிந்ததும் புத்திமதி கொட்டத் தொடங்கியது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பார்க்கச் சொன்னார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பார்க்கவே கூடாது என்றார்கள். மேல் மாடி வெக்கை, கீழ் வீடு ஈரம், நடு மாடியில் இரண்டும் உண்டு என்று அவளுடைய சித்தப்பா சொன்னார். அவர் இன்றுவரை வாடகை வீட்டில் இருப்பவர். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூட அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டே யோசனை சொன்னார்கள்.

எல்லாருக்கும் மேலே கணவனின் அண்ணன் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. பருத்த உடம்பு, சொந்த வீடு. அந்த வீட்டை வாங்கிய நாள் முதல் குடும்பத்தில் வீடு பற்றிய பேச்சு எதுவானாலும் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

“முதல் வீடுங்கிறது இருக்கிறதுக்கு இல்ல” என்றார் அவர். “பின்னால விக்கிறதுக்கு. நாளைக்கு வித்தா என்ன போகும்? அதை மட்டும் பாரு. மத்ததெல்லாம் பழகிடும்.”

அவள் படியிறங்கும்போது கணவனிடம் சொன்னாள்: “இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள வித்துட்டாரு உங்க அண்ணன். நடுவுல நாம இருக்கப்போற வருஷமெல்லாம் எங்க போச்சு?”

அண்ணன்தான் அந்த அடுக்குமாடி வீட்டைக் கண்டுபிடித்தார். இரண்டாவது மாடி, இரண்டு அறை, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. புரோக்கர் அறை அறையாக விளக்கைப் போட்டுக் காட்டினான். சமையல் மேடையைத் தட்டிக் காட்டினான். குழாயைத் திறந்து மூடினான். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டை வாங்குகிறவர் போல நடந்தார்.

“நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடுங்க” என்றான் புரோக்கர். “இன்னொரு பார்ட்டி துடிச்சிக்கிட்டு இருக்காங்க.”

“ஒருநாள் இருந்து பார்க்கணும்” என்றாள் அவள்.

“இப்பதானே பார்த்தீங்க?”

“பார்த்தேன். இருந்து பார்க்கணும்னு சொல்றேன். சமைக்கணும், துவைக்கணும், மிஷின் ஓட்டணும். போட்டுப் பார்க்காம ஜாக்கெட்டையே நான் குடுக்கிறதில்ல.”

புரோக்கர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். அண்ணனும் சிரித்தார். தன் வீட்டு மனிதர் சிரித்தது அவளுக்குச் சுருக்கென்றது.

“அக்கா, இது ஜாக்கெட் இல்ல” என்றான் புரோக்கர்.

“ஜாக்கெட் சரியில்லைன்னா பிரிச்சுத் தைச்சுக்குவேன். இதைப் பிரிக்க முடியாது. அதனாலதான் கேக்கிறேன்.”

“ஊர் உலகத்துல இல்லாத வழக்கமா இருக்கே” என்றார் அண்ணன். “மானத்தை வாங்காதேம்மா. தம்பி, நீ சொல்லுடா.”

கணவன் சமையலறை ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். திரும்பாமலே சொன்னான்: “அவ கேக்கிறது தப்பு இல்லண்ணே.”

புரோக்கர் மறுத்துவிட்டான். அவள் வீட்டுச் சொந்தக்காரியின் நம்பரைக் காவலாளியிடம் கேட்டு வாங்கி நேராகப் பேசினாள். சொந்தக்காரி வெளியூரில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இருந்துதான் பாருங்களேன். போறப்ப லைட்டை அணைச்சுட்டுப் போங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வேனிலேயே சாமான் போனது. தையல் மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின், ஸ்டவ், ஒரு பானை, பாய், வாளி, அழுக்குத் துணி. குழந்தைகள் உட்காரும் சீட்டில் ஓவர்லாக் மிஷினை வைத்து அவள் பிடித்துக்கொண்டாள்.

வீடு நல்ல வீடுதான். காற்று வந்தது. சோறு பொங்கியது, துணி காய்ந்தது. அவன் பாயில் படுத்து, இரண்டு பக்கமும் உருண்டு பார்த்துவிட்டு, “எனக்குச் சரியா இருக்கு” என்றான். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஜன்னலோரம் மிஷினை வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். மனசுக்குள் அந்த மூலையில் திரையைக்கூட மாட்டிவிட்டாள்.

ஓவர்லாக் மிஷினைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர் நின்றார். பனியன், மூக்குக்கண்ணாடி, கையில் மடித்த செய்தித்தாள்.

“என்னம்மா இது, தலைமேல ரயில் ஓடுற மாதிரி?”

“தையல் மிஷின் சார்.”

“தினமும் ஓட்டுவீங்களா?”

“அதுதான் சார் என் வேலை.”

“இந்தக் கட்டடத்துல வீட்டுக்குள்ள தொழில் பண்ணக் கூடாதும்மா. எல்லாரும் சேர்ந்து போட்ட விதி. வாங்குறதுக்கு முன்னால யாரும் சொல்லலையா?”

அவர் கோபக்காரர் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்துப் பாயையும் பானையையும் கண்டு குழம்பிப்போனார். ஒருநாள் இருந்து பார்க்க வந்திருப்பதாக அவள் சொன்னதும், “அட, எனக்கு இது தோணாமப் போச்சே” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

சாயங்காலம் அண்ணனும் புரோக்கரும் வந்தார்கள். நடந்ததைச் சொன்னாள்.

“இவ்வளவுதானா?” என்றார் அண்ணன். “வாங்கிப் போடு. நாலு நாள் கத்துவாரு, அஞ்சாவது நாள் பழகிடுவாரு.”

“பழகலைன்னா?”

“மிஷினை நிறுத்து. வேற வேலை பாரேன். இவ்வளவு நல்ல வீடு ஒரு மிஷினுக்காகப் போறதா?”

“மிஷின் இருக்கிறதாலதான் மாமா வீட்டுப் பேச்சே வந்தது. அதை நிறுத்திட்டா தவணையை யாரு கட்டுவா, கீழ்வீட்டுக்காரரா?”

புரோக்கர், “இந்த வீடு போனா வராதுக்கா” என்றான்.

“போகட்டும். எனக்குப் பொருந்தலை” என்றாள். ஸ்டவ்வை எடுத்தாள். கணவன் பாயைச் சுருட்டினான். அண்ணன் முகம் சிறுத்துப்போய், “இனிமே வீடு கீடுன்னு என்கிட்ட வராதீங்க” என்று சொல்லிவிட்டு முதலில் இறங்கினார். அவள் மறக்காமல் லைட்டை அணைத்தாள்.

பிறகு அவர்கள் பார்த்த வீடுகளுக்குக் கணக்கில்லை. இருந்து பார்க்கவேண்டும் என்று அவள் சொன்னவுடன் பாதிப்பேர் கதவைச் சாத்தினார்கள். மீதிப்பேர் சிரித்துவிட்டுச் சாத்தினார்கள். புரோக்கர்களுக்குள் சொல்லி வைத்தாற்போல ஆகிவிட்டது. “ஜாக்கெட் பார்ட்டி” என்றால் சாவி கிடைக்காது. கணவன் ஒரு தடவை மெதுவாக, “ஒரு நாள் வேணாம், ஒரு மணி நேரம் கேட்டுப் பார்ப்போமா?” என்றான். அவள் பார்த்த பார்வையில் அவன் பேச்சை மாற்றி, வேன் டயரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

கடைசியில் கிடைத்தது ஒரு சந்தின் முடிவில். கீழ்த்தளம், பழைய சுவர், முன்னால் சந்தைப் பார்த்தபடி ஒரு அறை, பின்னால் ஒரு அறை, சமையலறை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு லேத் பட்டறை. இரும்பைக் கடையும் சத்தத்தில் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே திரும்பிவிடுவார்களாம். அதனால் விலை இறங்கி இவர்கள் கைக்கெட்டும் இடத்துக்கு வந்திருந்தது.

“இருந்து பார்க்கணுமா? ஒரு வாரம்கூட இருங்க” என்றார் வீட்டை விற்கிறவர். யாராவது உள்ளே வந்தால் போதும் என்று இருந்தார்.

இந்தத் தடவை பட்டறை ஓடும் நாளாகப் பார்த்துப் போனார்கள். பானையில் தண்ணீர் அதிர்கிறதா என்று பார்த்தாள், அதிரவில்லை. ஊசியில் நூல் கோத்தாள், கை நடுங்கவில்லை. இரண்டு மிஷினையும் ஓட்டினாள். பட்டறைக்காரர் வாசலுக்கு வந்து, “இங்க யாரோ தைக்கிறாங்கன்னு சொன்னாங்களே, எங்க?” என்று கேட்டார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சாயங்காலம் பட்டறையை மூடியதும் சந்தே கழுவிவிட்டாற்போல அமைதியானது. வாசல் வேப்பமரத்தில் குருவிகள் கத்துவதைக் கேட்டபடி கணவன் பாயில் உருண்டான். இங்கும் இரண்டு பக்கமும்.

“சரியா இருக்கா?”

“நாள் பூரா பசங்க சத்தத்துல இருக்கேன். பட்டறையெல்லாம் எனக்குத் தாலாட்டு.”

வங்கியில் எல்லாம் சரியென்றார்கள், ஒன்றைத் தவிர. இருவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாததால் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும். குடும்பத்தில் சம்பளக்காரர் என்றால் அண்ணன்தான். விற்கிறவர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

அவர்கள் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து முழுக்கக் கேட்டார்.

“பட்டறை பக்கத்துல. சந்துக்குள்ள. பழைய சுவரு. இதை விக்கப் போனா ஒரு நாயும் வராது.”

“நாய்க்கு விக்கிறதா இல்ல மாமா. நாங்க இருக்கப்போறோம்.”

“பேசத் தெரியுது. நான் காட்டின வீட்டைத் தூக்கி எறிஞ்சீங்க. இப்ப கையெழுத்துக்கு மட்டும் நான் வேணும். முடியாது.”

“அண்ணே...” என்றான் தம்பி.

“என்ன நொண்ணே? நாளைக்கு நீ கட்டலைன்னா என் சம்பளத்துல கைவைப்பான். வாங்குறதுன்னா புத்தியோட வாங்கணும். நான் இந்த வீட்டை வாங்கலையா? இன்னைக்கு வித்தா மூணு மடங்கு.”

சமையலறையில் ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. அண்ணி ஒரு மரஸ்டூலின் மேல் நின்று, மேல் தட்டிலிருந்து காபித்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். குள்ளமானவள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்தச் சமையலறைத் தட்டுகள் எல்லாம் அண்ணனின் உயரத்துக்குத்தான் எட்டும். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணி ஸ்டூலில் ஏறி இறங்கித்தான் சமைக்கிறாள். அண்ணனோ தண்ணீர் குடிக்க மட்டும் சமையலறைக்குப் போவார்.

ஸ்டூலின் மேல் நின்றபடியே அவள் சொன்னாள்: “நான் போடுறேன்.”

அண்ணன் காதில் விழாததுபோல இருந்தார்.

“நானும் சம்பளக்காரிதானே? நான் போடுறேன் கையெழுத்து.”

“உனக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்?”

“எனக்கு இந்த ஸ்டூலைத் தெரியும்.”

“தட்டு உயரமா இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“கேட்டீங்களா? நீங்களும் புரோக்கரும் பார்த்தீங்க, கைகுலுக்கிக்கிட்டீங்க. நான் லாரி வந்த அன்னைக்குத்தான் உள்ளேயே வந்தேன்.” அவள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். “மூணு மடங்குன்னு சொல்றீங்களே, வித்துடுங்க. எப்ப விக்கிறீங்க?”

தம்பி தரையைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்ற பயம்.

“அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள் போட்டுப்பாரு. “அப்புறம் எங்களால உங்களுக்குள்ள சண்டை வரக் கூடாது.”

“சண்டை வரட்டும்மா. இந்த வீட்டுல அது ஒண்ணுதான் எனக்கு எட்டுற உயரத்துல இருக்கு” என்றாள் அண்ணி. காபி போடப் போனாள். சர்க்கரை டப்பாவுக்காக மறுபடியும் ஸ்டூலில் ஏறினாள்.

அந்த வாரமே அண்ணி வங்கிக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். அண்ணன் வரவில்லை.

குடிபோன பிறகு ஒரு தப்பு நடந்தது. தையல்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. முன்னறையில் துணி வெட்ட ஒரு மேசை வேண்டும். சுவரோரமாக, கதவு திறக்கும் இடத்தை விட்டு, டேப்பை வைத்து அவளே அளந்தாள். ஆனால் துணி வெட்டிப் பழகிய கை. உடம்பை அளந்தால் அந்த அளவுக்கே வெட்டமாட்டார்கள். உள்ளே மடிக்கவும் உடம்பு பருத்தால் பின்னால் பிரித்து விடவும் கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவார்கள். அதேபோலத் தச்சரிடம் நாலு பக்கமும் கூட்டிச் சொல்லிவிட்டாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. மேசை வந்தது. நல்ல மேசை. அதைப் போட்ட பிறகு கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை.

கணவன் மேசையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். “வீட்டைப் போட்டுப் பார்த்தோம். மேசையைப் போட்டுப் பார்க்கலை.”

“வாயை மூடுங்க.”

அண்ணி வாராவாரம் வருவாள். ஒருநாள் அவளை அழைத்துப்போக அண்ணன் வந்தார். சந்தில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். பட்டறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் இறங்கி வந்து கதவைத் தள்ளினார். கதவு மேசையில் இடித்து நின்றது.

“வாங்க மாமா” என்றாள் அவள். “உடம்பை ஒருக்களிச்சு வாங்க.”

அண்ணன் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூச்சுவிட்டதும் முதல் வேலையாக மேசையைத் தட்டினார். அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு களை வந்திருந்தது.

“அளந்துதானே செஞ்சீங்க?”

“அளந்தேன் மாமா. பிரிச்சு விடறதுக்கும் சேர்த்து அளந்துட்டேன்.”

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் வெளிப்படையாகவே சிரித்தார். “ஆளைக் கூப்பிட்டு ஓரத்தை அறுத்து எடுத்துடு. ஒருத்தன் நுழைய முடியலை. இதெல்லாம் அனுபவம் இருக்கிறவங்களைக் கேட்டுச் செய்யணும்.”

அவள் மேசையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு முழுப் புடவையை மடிக்காமல் விரிக்கலாம். கடையில் இருந்ததைவிட நல்ல மேசை. கூட்டி அளந்ததால் வந்த மேசை.

“மேசை சரியாத்தான் இருக்கு மாமா” என்றாள். “கதவுதான் தப்பாத் திறக்குது.”

மறுநாள் பட்டறைக்காரர் வந்து கீலைக் கழற்றி மாற்றி மாட்டினார். இப்போது கதவு வெளியே, சந்தைப் பார்த்துத் திறக்கிறது. மேசை முழுசாக இருக்கிறது. மூலையில் பச்சைத் திரை தொங்குகிறது. சுவரில் கண்ணாடியை ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். வீடு பார்த்துக்கொண்டிருக்கிற புதுத் தம்பதிகள் துணி வாங்க வரும்போது யோசனை கேட்டால், “என்னைக் கேட்டா? போய் ஒருநாள் சோறாக்கிச் சாப்பிட்டுட்டு வாங்க” என்பாள். “சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.”

வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் கதவு பழகிவிட்டது. அண்ணன் மட்டும் வரும்போதெல்லாம் தள்ளுகிறார். கதவு அசையாது. இன்னும் பலமாகத் தள்ளுவார். உள்ளேயிருந்து மிஷின் சத்தத்தோடு அவள் குரல் வரும்:

“இழுங்க மாமா.”